சொன்ன சொல்லே வேண்டுமாம்

வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லித்தான் உட்கார வைத்திருந்தார்கள். பெற்ற பிள்ளையின் முதுகுக்குப் பின்னால், சுவரோரமாக, கைப்பிடி இல்லாத பிளாஸ்டிக் நாற்காலியில். பேசக் கூடாது, குறிப்புக் காட்டக் கூடாது, பிள்ளை திரும்பிப் பார்த்தால் தலையைக்கூட ஆட்டக் கூடாது. இருமலாவது இருமலாமா என்று கேட்க வந்து, கேட்டால் அதுவே பேச்சாகிவிடுமே என்று துளசிமணி அடக்கிக்கொண்டாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த சைக்காலஜிஸ்ட் மேடத்துக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஹேமலதா என்று பலகை வைத்திருந்தது. பேச்சில் தஞ்சாவூர்ப் பக்கம் அடித்தது. "கனிஷ்கா, நான் கொஞ்சம் வார்த்தை சொல்லுவேன். முழுசா கேட்டுக்க. நான் முடிச்சதும் உனக்கு ஞாபகம் இருக்கறதெல்லாம் சொல்லு. வரிசையா சொல்லணும்னு இல்ல. அஞ்சு தடவை திருப்பித் திருப்பிச் சொல்லுவேன், பயப்படாத" என்றாள். கனிஷ்காவின் பின்னல் மேலும் கீழும் ஆடியது. வலப்பக்கப் பின்னல் அதற்குள் அவிழ்ந்து தொங்குகிறது, காலையில் இறுக்கித்தானே போட்டுவிட்டோம், எதுதான் இந்தப் பிள்ளையிடம் நிற்கிறது, பின்னலும் நிற்காது பாடமும் நிற்காது என்று துளசிமணிக்கு ஆரம்பத்திலேயே எரிச்சல் வந்தது. மேடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, ஏற்றமும் இறக்கமும் இல்லாமல், மளிகைக் கடையில் விலை சொல்கிறவன் குரலில் படித்தாள். மழை. சேவல். பாலம். ஊசி. தயிர். துடைப்பம். காது. மாமா. கடை. நிலா. கூடை. செருப்பு.

இவ்வளவுதானா? இதற்கா கோபியிலிருந்து பஸ் ஏறி ஈரோடு ஆஸ்பத்திரி வரை வந்தோம்? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லுமே. துளசிமணி மனசுக்குள் ஒப்பிக்க ஆரம்பித்தாள். மழை, சேவல், பாலம், ஊசி, தயிர், அப்புறம்? தயிர் என்றதும் நேற்று ராத்திரி உறை ஊற்றினோமா என்ற நினைப்பு குறுக்கே வந்திருந்தது. ஊற்றினோம், இல்லை, பாலைக் காய்ச்சி ஆறவைத்து அப்படியே விட்டுவிட்டோம், இந்நேரம் திரிந்திருக்கும், மத்தியானம் மோர் இல்லை என்று வீட்டுக்காரன் லோகநாதன் தட்டைத் தள்ளுவான். இதை நினைத்து முடிப்பதற்குள் மேடம் செருப்பில் வந்து நின்றுவிட்டாள். தயிருக்கும் செருப்புக்கும் நடுவில் சொன்னதெல்லாம் துளசிமணியின் தலைக்கு மேலே போய்விட்டது. ஏதோ வீட்டுச் சாமான் ஒன்று வந்தது, யாரோ உறவு ஒன்று வந்தது, அத்தையா, சித்தப்பாவா? பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பித்து எவர்சில்வர் டம்ளர் வாங்கினவள் தயிரில் வழுக்கி விழுந்தாள் என்றால் யாராவது நம்புவார்களா? அதற்குள் முன்னால் இருந்து கனிஷ்காவின் குரல் கேட்டது. "செருப்பு. கூடை. ம்ம்... மழை." நிறுத்தினாள். மேலே ஓடிய காற்றாடியைப் பார்த்தாள். "சாவல்" என்றாள். "வேற?" "தெரியலைங்க்கா." நாலு. வெறும் நாலு. வந்த காரியத்துக்கு நல்லதுதான், நாலு என்றால் ரொம்ப நல்லது, கும்பிட்ட சாமி கைவிடவில்லை. ஆனாலும், நாலுதானா? பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, காதில் விழுந்து மூச்சு விடுவதற்குள் பன்னிரண்டில் நாலுதானா? பிள்ளை சேவலைச் சாவல் என்றதை மேடம் கண்டுகொள்ளாமல் சரியென்று டிக் போட்டதுகூட ஏதோ பிச்சை போட்டது போல இருந்தது.

இந்தக் கண்றாவி எல்லாம் ஒரு காகிதத்துக்காக. பள்ளிக்கூடத்தில் பிரின்சிபால் மிஸ் நேராகவே சொல்லிவிட்டாள். "கற்றல் குறைபாடுன்னு சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க, பப்ளிக் எக்ஸாம்ல ஒரு மணி நேரம் சேத்துக் குடுப்பாங்க, இவ சொல்லச் சொல்ல எழுதறதுக்கு ஆள் போடுவாங்க. இல்லையா, டி.சி.யை வாங்கிட்டுப் போயி பிரைவேட்டா எழுத வெச்சுக்குங்க. எங்களுக்கு ரிசல்ட் முக்கியம் பாருங்க." எட்டு வயசிலிருந்து பீஸ் வாங்கித் தின்றபோது ரிசல்ட் ஞாபகம் வரவில்லை. அவள் அப்படி என்றால் லோகநாதன் இப்படி. "குறைபாடுன்னு ஆஸ்பத்திரியில எழுதி வாங்கி வெச்சுப்போட்டா நாளைக்குக் கல்யாணப் பேச்சு வாரப்ப ஒறம்பரை சனத்துக்கு யாரு பதில் சொல்றது? நாலு அறை விட்டாப் படிச்சுட்டுப் போறா." அறையாமலா இருந்தான்? அறைந்து வருகிற படிப்பாக இருந்தால் இந்நேரம் கலெக்டர் ஆகியிருப்பாள். ஆளுக்கு ஆள் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள், தூக்கிச் சுமக்கிறவள் நடுவில் நிற்கிறாள். போதாக்குறைக்குப் பள்ளிக்கூட வாசலில் ஒரு பையனின் அம்மா பிடித்துக்கொண்டாள். "போன வருசம் எம்பட பையனக் கூட்டிட்டுப் போனனுங்க. நல்லா வளத்த வாயி பாருங்க, கேட்டதுக்கெல்லாம் டக்கு டக்குனு பதில் சொல்லிப்போட்டான். ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கறான்னு திருப்பி அனுப்பிச்சுப்போட்டாங்க. ஜாக்கிரதையாச் சொல்லிக் கூட்டிட்டுப் போங்க." அதைக் கேட்டு நாலு நாள் யோசித்துத்தான், இன்றைக்குப் பஸ்ஸில், கவுந்தப்பாடி தாண்டினதும், பக்கத்து சீட்டு ஆள் இறங்கினபின், துளசிமணி பிள்ளையின் காதில் சொன்னாள். "கண்ணு, அங்க என்ன கேட்டாலும் ரொம்ப சூட்டிகையாக் காட்டிக்காத. தெரிஞ்சாலும் தெரியாதுன்னு சொல்லிப்போடு." கனிஷ்கா ஜன்னல் வழியாக மஞ்சள் காட்டைப் பார்த்துக்கொண்டே "ம்" என்றாள். அது எந்த ம்? சரிம்மா என்ற ம்மா, காதில் விழவில்லை என்ற ம்மா? பதினைந்து வருசமாக அந்த ம்முக்கு அர்த்தம் பிடிபடவில்லை.

மேடம் மறுபடியும் அதே குரலில் படித்தாள். இந்தத் தடவை விடக் கூடாது என்று துளசிமணி முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு கேட்டாள். துடைப்பம், அதுதான் வீட்டுச் சாமான். மாமா, அதுதான் உறவு. மாமா என்றதும் கொடுமுடி மாமா வந்து நின்றார், பிள்ளை என்ன மார்க்கு என்று கேட்பதற்கென்றே பொங்கலுக்கு வருகிறவர், போங்கள் மாமா அக்கட்டால் என்று அவரைத் தள்ளுவதற்குள் கடையும் நிலாவும் போய்விட்டன. கனிஷ்கா சொன்னாள். "செருப்பு, கூடை, மழை, சாவல், மாமா. கடை. அப்பறம்... தயிரு." ஏழு! துளசிமணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஏழு எப்படி வந்தது? அதோடு நிறுத்தினால் பரவாயில்லை. "இன்னொண்ணுங்க்கா. சீமாறு" என்றாள். மேடத்தின் பேனா தாளின் மேல் நின்றது. "என்னது?" "சீமாறுங்க்கா." மேடம் டிக் போடும் இடத்தை விட்டுவிட்டு ஓரத்தில் என்னவோ எழுதினாள். ஏன் ஓரத்தில்? சேவலைச் சாவல் என்றால் டிக், துடைப்பத்தைச் சீமாறு என்றால் ஓரமா? தயிரைத் தயிரு என்றாளே, அதற்கும் டிக்தானே? இவள் என்ன கணக்கில் போடுகிறாள்? சரி, போகட்டும், குறைந்தால் நமக்கு நல்லதுதானே, நீ எந்தக் கட்சி என்று துளசிமணி தன்னையே கேட்டுக்கொண்டாள். கேட்டும் மனசு கேட்கவில்லை. வீட்டில் சீமாறு என்றுதான் சொல்கிறோம், மாமியார் வீட்டிலும் அம்மா வீட்டிலும் சீமாறுதான், தெருவில் விற்றுக்கொண்டு வருகிறவனும் சீமாறு என்றுதான் கூவுகிறான். துடைப்பம் புத்தகத்தில் இருக்கிறது, புத்தகம்தான் இந்தப் பிள்ளைக்கு வராதே, வராததால்தானே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறோம்.

ஒப்பிப்பது என்றால் துளசிமணிக்குத் தெரியாததா? ஏழாம் வகுப்பில் ஆண்டுவிழா மேடையில் நீள நீளமான செய்யுள்களை மூச்சு விடாமல் சொல்லிக் கைதட்டல் வாங்கினவள். தமிழய்யா அவளைத் தோளில் தட்டி, எங்கள் பள்ளிக்கூடத்துக் கிளிப்பிள்ளை என்றார். அன்றைக்கு அது புகழ்ச்சி. சொன்னதைச் சொல்லுமாம் கிளிப்பிள்ளை என்று வீட்டில் திட்டுவதும் அதே கிளிப்பிள்ளைதான் என்பது அப்போது உறைக்கவில்லை. அந்தச் செய்யுள் எல்லாம் இன்றைக்கும் வாயில் இருக்கிறது, ஒரு வரிக்கும் அர்த்தம் தெரியாது, அதைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை. ஒரே ஒரு சங்கடம். நடுவில் ஒரு வரியைக் கேட்டால் வராது. முதல் வரியிலிருந்து ஆரம்பித்து ஓடி வந்தால்தான் அந்த வரியும் வரும். பேச்சுப்போட்டிக்கு வந்த ஒரு நடுவர், எங்கே மூன்றாவது பாட்டை மட்டும் சொல்லு பார்ப்போம் என்று கேட்டுவிட, துளசிமணி உதட்டுக்குள்ளேயே முதல் இரண்டு பாட்டையும் முணுமுணுவென்று சொல்லி முடித்து மூன்றாவதைப் பிடித்தாள், சபை சிரித்தது. இந்தப் பன்னிரண்டு வார்த்தையும் அப்படித்தான். மழை சேவல் பாலம் ஊசி தயிர் என்று ஓட ஆரம்பித்தால் நன்றாக ஓடுகிறது, எங்கேயோ ஓர் இடத்தில் நூல் அறுந்ததும் மொத்தமும் அவிழ்ந்து போகிறது. முன்னால் உட்கார்ந்திருக்கிற இந்தக் கழுதையோ வரிசையும் இல்லாமல் ஒழுங்கும் இல்லாமல், கடைசியில் ஒன்று நடுவில் ஒன்று என்று கண்ட இடத்தில் எடுக்கிறது. அப்படிப் படிக்கலாம் என்று யார் சொன்னது? மனப்பாடம் என்றால் முதலில் தொடங்கி முடிவில் முடிக்க வேண்டாமா? வீட்டில் கேள்வி பதிலை இந்த லட்சணத்தில் சொல்லித்தானே அடி வாங்குகிறாள்.

மூன்றாவது தடவை எட்டு. நாலாவது தடவை பத்து. துளசிமணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. போச்சு. எல்லாம் போச்சு. ஒரு மணி நேரமும் போச்சு, எழுத வருகிற ஆளும் போச்சு, டி.சி.யைக் கையில் கொடுத்து அனுப்பப் போகிறார்கள். படித்துப் படித்துச் சொன்னோமே, தெரியாது என்று சொல்லிப்போடு என்று, அந்த ஒரே ஒரு வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளத் துப்பில்லை, பாலம் ஊசி காது எல்லாம் ஞாபகம் இருக்கிறதா? என்ன மூளை அது, வேண்டியதை விட்டுவிட்டு வேண்டாததைப் பிடித்துக்கொள்கிற மூளை! வீட்டில் ஆங்கிலத்தில் பத்து வார்த்தை ஸ்பெல்லிங் கொடுத்து, விடிந்ததும் எழுப்பி, காபி கொடுக்காமல் உட்கார வைத்துச் சொல்லச் சொன்னால் முதல் வார்த்தையிலேயே கண்ணில் தண்ணி விடுகிறவள், பி எழுதச் சொன்னால் டி எழுதுகிறவள், நான்கு வரிச் செய்யுளை ஐம்பது தடவை எழுதியும் ஐம்பத்தோராவது தடவை பார்க்காமல் எழுத வராதவள், இங்கே யாரோ ஒருத்தி முன்னால் காலை ஆட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டு பத்துச் சொல்கிறாள். ஆமாம், சிரிக்கிறாள். பின்னால் இருந்து கன்னம் தெரிகிறது, கன்னம் உப்பியிருக்கிறது. ஐந்தாவது தடவை மேடம் படிக்கும்போது கனிஷ்காவின் விரல்கள் மேசையின் மேல் நகர்ந்தன, இங்கே ஒன்று வைத்தாள், அங்கே ஒன்று வைத்தாள், கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி. பிறகு சொன்னாள், தடுக்காமல் சொன்னாள். "மழை வருதுங்க்கா. வாசல்ல செருப்பு. சாவலு கூடைக்குள்ள. கதவுக்குப் பின்னால சீமாறு. உள்ள தயிரு, ஊசி. மாமா கடைக்குப் போறாரு, பாலத்து மேல. நிலா." கொஞ்சம் நிறுத்தி, காதைத் தொட்டுக் காட்டி, "காது" என்றாள். மேடம்கூட லேசாகச் சிரித்துவிட்டாள். சீமாறை மட்டும் மறுபடியும் ஓரத்தில் எழுதினாள்.

அதன்பின் வார்த்தைகளை எடுத்து வைத்துவிட்டு, சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டைகளைக் கொடுத்து, படத்தில் உள்ளது போல அடுக்கச் சொன்னாள். கட்டைகள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு துளசிமணி சுவரைப் பார்த்தாள். சுவரில் யாரோ குழந்தை வரைந்த யானை ஒட்டியிருந்தது, யானைக்கு ஐந்து கால். பிரைவேட்டாக எழுதுவது என்றால் டுடோரியல் சேர்க்க வேண்டும், டுடோரியல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் இருக்கிறது, கீழே ஒயின்ஷாப், பிள்ளையை எப்படி அனுப்புவது? அனுப்பாவிட்டால் பத்தாவது பெயில் என்று வீட்டில் உட்காருவாள், பெயிலானவள் என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் பனியன் கம்பெனி வேன் வாசலில் வந்து ஹாரன் அடிக்கும். வேனில் போகிறவர்கள் எல்லாம் கெட்டுப்போய்விட்டார்களா, இல்லைதான், தங்கச்சி போகவில்லையா, ஆனால் தங்கச்சி ஒரு நாளாவது போக வேண்டும் என்று ஆசைப்பட்டுப் போனாளா? யாருடைய மூளை இந்தப் பிள்ளைக்கு? தன்னுடையது இல்லை என்று இத்தனை நாளும் தைரியமாக இருந்தாள், லோகநாதன் பக்கம்தான், அவன் தம்பி ஆறாவதோடு நின்றவன். இன்றைக்கு அதிலும் சந்தேகம் வந்துவிட்டது. இப்போது அந்த வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்தால் என்ன? மழை, சேவல், பாலம், தயிர். ஊசி எங்கே போனது? மாமா. செருப்பு. கதவு. கதவு இருந்ததா? கதவு கனிஷ்கா சொன்னது. யானை இல்லை, அது சுவரில் இருக்கிறது. சோப்பு, அது வீட்டில் வாங்க வேண்டியது. போன வாரம் காஸ் அடுப்பை நிறுத்த மறந்து பாத்திரம் கரிந்தது, அதற்கு முந்தின வாரம் சொந்த போன் நம்பரைக் கடைக்காரனுக்குச் சொல்ல வராமல் நின்றோம். இந்தக் கிளிப்பிள்ளைக்கும் வயதாகிறது போலிருக்கிறது. எரிச்சல் மேடத்தின் மேலா, பிள்ளையின் மேலா, பஸ்ஸில் தான் சொன்ன யோசனையின் மேலா என்று தெரியாமல் எல்லாவற்றின் மேலும் சேர்ந்து வந்தது. மின்விசிறி கடகடவென்று ஒரு பக்கமாக ஆடியது, அதன் மேலும் வந்தது.

"கனிஷ்கா, முன்னாடி கொஞ்சம் வார்த்தை சொன்னேனே, ஞாபகம் இருக்கா? நான் இப்ப படிக்க மாட்டேன். இருக்கறத சொல்லு பாப்பம்." துளசிமணி நாற்காலி நுனிக்கு வந்தாள். சொல்லாதே. இப்போதாவது சொல்லாதே. நாலு சொல்லு, ஐந்து சொல்லு, போதும், மறந்துவிட்டது என்று சொல்லு, மறப்பது உனக்குக் கைவந்த கலைதானே. கனிஷ்கா கண்ணை மூடிக்கொண்டாள். மேசையின் மேல் விரல் நகர்ந்தது. "மழை. செருப்பு. கூடை, சாவலு. தயிரு. ஊசி. மாமா, பாலம், கடை. நிலா. காது." ஒன்றுகூட விடவில்லை. "அப்பறம் கதவுக்குப் பின்னால, சீமாறு." மேடம் பேனாவை எடுத்தாள். "அந்த ஒண்ண மட்டும் நான் சொன்ன மாதிரியே சொல்லு." "அதாங்க்கா, சீமாறு." "நான் என்ன வார்த்தை சொன்னேன்?" கனிஷ்கா விரலை மேசையில் அதே இடத்தில் தேய்த்தாள். கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தது அவள் கண்ணுக்குத் தெரிகிறது, ஈர்க்குச்சி தெரிகிறது, கட்டின கயிறு தெரிகிறது, அதன் புத்தகப் பெயர் மட்டும் வரவில்லை. உப்பியிருந்த கன்னம் மெல்ல வற்றியது. தோள் ஒடுங்கியது. அந்த ஒடுக்கம் துளசிமணிக்குத் தெரியும், வீட்டில் தினமும் பார்ப்பது, கேள்வித்தாளைக் கண்டால் வருவது. "தெரியலைங்க்கா" என்றாள் கனிஷ்கா, சத்தமே இல்லாமல். மேடம் அந்தக் கட்டத்தில் பெருக்கல் குறி போட்டாள். அவ்வளவுதான், துளசிமணி நாற்காலி பின்னால் சாய எழுந்துவிட்டாள்.

"ஏனுங்க மேடம், அதென்னுங்க அநியாயமா இருக்குது! தொடப்பம்னாலும் சீமாறுன்னாலும் ஒண்ணுதானுங்க! உங்க ஊர்ல வெளக்கமாறும்பீங்க, அதுக்கு இப்பிடித்தான் இன்ட்டு போடுவீங்களா? புள்ள சரியாத்தானுங்க சொன்னா. திருப்பித் திருப்பிச் சொன்னா. போடுங்க டிக்கு!" கனிஷ்கா திரும்பிப் பார்த்தாள். அம்மா தனக்காக மார்க் கேட்டுச் சண்டை போட்டு அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை, வாய் பிளந்துவிட்டது. மேடம் பேனாவை மூடி வைத்தாள். "அம்மா, உக்காருங்க. வார்த்தைய நீங்களே சொல்லிக் குடுத்துட்டீங்க, பாத்தீங்களா? பொருள் ஒண்ணுதான், எனக்கும் தெரியும். சொன்ன சொல்லே வந்ததா இல்ல அர்த்தம் மட்டும் நின்னுதான்னு பாக்கறதுதான் இந்த டெஸ்ட்டு. ரெண்டையும் தனித்தனியா எழுதணும், எழுதியிருக்கேன்." துளசிமணிக்கு அப்போதுதான் தான் என்ன கேட்டுவிட்டோம் என்பது உறைத்தது. முழு மார்க்கு கேட்டிருக்கிறாள். டி.சி.யைத் தன் வாயாலேயே கேட்டு வாங்கப் பார்த்திருக்கிறாள். "இல்லீங்க மேடம்... போடாட்டியும் பரவால்லீங்க" என்றாள். "போடணுமா வேண்டாமா? முதல்ல நீங்க ஒரு முடிவுக்கு வாங்க" என்ற மேடம், சிரிக்காமல், துளசிமணியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "குறைச்சுச் சொன்னாத்தான் சர்டிபிகேட் குடுப்போம்னு யாராவது சொன்னாங்களா?" துளசிமணி முந்தானையைப் பார்த்தாள். "எல்லாரும் இதத்தான் சொல்லிக் கூட்டிட்டு வர்றீங்க, எனக்குப் பேசிப் பேசி அலுத்துப் போச்சு. புத்தி இருக்கு, கேட்டா நிக்குது, எழுத்தப் பாத்தா மட்டும் வரல, அதத்தாம்மா நான் காட்டணும். எல்லாத்துக்கும் தெரியாதுன்னா நான் வேற என்னமோ எழுத வேண்டியிருக்கும், அதுக்குப் பரீட்சையில ஒரு மணி நேரம் தர மாட்டாங்க. இவகிட்ட ஏதாவது சொல்லிக் குடுத்தீங்களா?" "இல்லீங்க மேடம்" என்றாள் துளசிமணி. பிள்ளை இருக்கும் பக்கம் திரும்பவில்லை. மேடம் நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை. அடுத்தது வாசிப்பு, கொஞ்சம் இடைவெளி விட்டுக் கூப்பிடுகிறேன், அதற்கு நீங்கள் வெளியே இருங்கள் என்றாள்.

வராந்தாவில் மருந்து வாடையும் பினாயில் வாடையும் கலந்து அடித்தது. பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்ததும் துளசிமணி பிள்ளையின் அவிழ்ந்த பின்னலைப் பிரித்து மறுபடியும் போட்டாள், வேண்டுமென்றே கொஞ்சம் இறுக்கினாள். கோபம் போகவில்லை. பள்ளிக்கூட வாசல் அம்மா மேல் கோபம், அதைக் கேட்டு ஆடிய தன் மேல் கோபம், சொன்னபடி நடந்திருந்தால் எல்லாமே பாழாகியிருக்கும், நல்லவேளை இந்தக் கழுதை மறந்து தொலைத்தது, மறதியும் ஒரு நேரத்துக்கு உதவுகிறது பார் என்று சிரிப்புக்கூட வந்தது. அந்தச் சிரிப்பிலும் ஒரு குத்தல் இருந்தது. வாய் சும்மா இருக்கவில்லை. "ஏண்டி, அத்தன வார்த்தயும் நெனப்பு வெச்சிருந்தியே, பஸ்ஸுல நான் சொன்னது ஒண்ணே ஒண்ணு, அது நெனப்பு இல்லியா உனக்கு?"

"இருக்குதும்மா."

"என்ன சொன்னேன்?"

"கண்ணு, அங்க என்ன கேட்டாலும் ரொம்ப சூட்டிகையாக் காட்டிக்காத. தெரிஞ்சாலும் தெரியாதுன்னு சொல்லிப்போடு." ஒரு சொல் மாறவில்லை. பக்கத்து சீட்டு ஆள் இறங்கின பிறகு, குனிந்து, காதோரமாகச் சொன்ன அந்தக் குரலும்கூட அப்படியே இருந்தது.

பின்னல் போட்ட கை நின்றது. "அப்பறம் ஏண்டி சொன்ன எல்லாத்தையும்?"

கனிஷ்கா எதிர்ச் சுவரில் இருந்த அறிவிப்புப் பலகையை, வாசிக்க வராத அந்தக் கறுப்பு எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பள்ளிக்கூடத்துல தெனமும் தெரியாதுன்னுதாம்மா சொல்றேன்" என்றாள். "இன்னிக்குத்தாம்மா தெரிஞ்சுது."